எதிர்ப்பக்கத்துக் கரண்டி

மார்சலி மக்கினிஸ் தன் ஆயுளில் ஒரு தடவைகூடச் சுரங்கத்துக்குள் இறங்கியவள் அல்ல. ஆனாலும் 1926 நவம்பர் முதல் தேதி காலை ஆறு மணியிலிருந்து பதினோரு வருஷம் அவள் தரைக்குக் கீழே தொள்ளாயிரம் அடி ஆழத்தில் இருந்தாள். சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு விளக்கு கொடுக்கும் விளக்கறையின் பலகை அப்படித்தான் சொன்னது. எங்கள் கிலார்டன் ஊரில் அந்தப் பலகையைவிட ஒழுங்கான சாட்சி கிடையாது. சுரங்கத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் குத்திய ஒரு பித்தளைப் பில்லை உண்டு. இறங்கும்போது அதை ஆணியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும், ஏறி வந்ததும் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். பூசைக்கு யாராவது வராவிட்டால் பாதிரியார்கூட அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் கோபப்படுவார். நானூற்றுப் பதினேழாம் ஆணி பதினோரு வருஷம் காலியாக இருந்தது. அதே பதினோரு வருஷமும் மார்சலி தன் வீட்டு அடுப்படியில் நின்று உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டும் இருந்தாள். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும்தான் நம்புவேன் என்பவர்கள் இத்தோடு எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை.

எல்லாம் ஒரு தின்பண்டத்தால் வந்தது. சகல புனிதர் திருநாளுக்கு முந்தின சாயங்காலம் எங்கள் வீடுகளில் ஃபூராக் செய்வோம். கடலுக்கு அந்தப் பக்கம் பாரா தீவிலிருந்து கப்பலேறி இந்தக் கேப் பிரெட்டன் கரைக்கு வந்தவர்கள் நிலத்தை விட்டார்கள், ஆட்டை விட்டார்கள், ஃபூராக்கை மட்டும் விடவில்லை. ஓட்ஸ் குருணையை வெறும் சட்டியில் பழுப்பேறும்வரை வறுக்க வேண்டும். பாலேட்டை மத்தால் கடைந்து, வெண்ணெய் திரள்வதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்த வேண்டும். பெண்களின் கெட்டிக்காரத்தனமெல்லாம் அந்த ஒரு நொடியில் இருக்கிறது. பிறகு இரண்டையும் கலந்து கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் பெரிய மரக்கிண்ணத்தில் கொட்டி, உள்ளே நான்கு சாமான்களைப் புதைப்பார்கள். மோதிரம் அகப்பட்டால் கல்யாணம். பொத்தான் அகப்பட்ட ஆண் கடைசிவரை ஒண்டிக்கட்டை. தையல் விரல்தொப்பி அகப்பட்ட பெண்ணுக்கும் அதே கதி. வெள்ளிக்காசு அகப்பட்டால் செல்வம், அது மட்டும் எங்கள் ஊரில் ஒருநாளும் பலித்ததில்லை. சுற்றி உட்கார்ந்து எல்லாரும் அதே கிண்ணத்திலிருந்து தின்ன வேண்டும். ஆனால் அவரவர் முன்னால் இருக்கிற பக்கத்திலிருந்துதான். அடுத்தவர் பக்கம் கரண்டியை நீட்டுவது திருட்டுக்குச் சமம். கரண்டியில் எது வருகிறதோ அது கரண்டிக்காரருடையது. திருப்பிப் போடவோ தானம் கொடுக்கவோ முடியாது.

மக்கினிஸ் வீட்டுக் கிண்ணத்தில் மட்டும் சில வருஷங்களில் ஐந்தாவதாக ஒன்று அகப்படும். யாரும் போடாத பொருள் அது. 1911-ல் டோனல் என்பவனின் கரண்டியில் அவனுடைய சொந்த நம்பர் போட்ட பித்தளைப் பில்லை வந்தது. விளக்கறையில் ஆணியில் தொங்க வேண்டிய பில்லை. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று சிரித்தான், மறுநாள் இறங்கினான், பாறைக்கடியில் போனான். 1918-ல் ஆலஸ்டருக்கு வந்தது. அவன் உஷாரான ஆள், மறுநாள் வேலைக்கே போகாமல் வீட்டில் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டான். ஷிப்டு தொடங்கிய சற்று நேரத்தில் அவன் வீட்டுக் கூரை இடிந்தது. பலகையும் ஓடும் கிடக்கும் என்று தோண்டினோம், நாலு வண்டி நிலக்கரி வந்தது. அன்றோடு ஊருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததற்காக ஃபூராக் தின்பதை யாரும் நிறுத்தவில்லை. மழையில் நனைவோம் என்று தெரிந்தே வேலைக்குப் போகிறவர்கள் நாங்கள்.

1926-ல் அந்த மேசையைச் சுற்றி ஏழு பேர் இருந்தார்கள். வீட்டுக்காரன் ரோரி மக்கினிஸ். கல் விழுந்து வலது கையில் இரண்டு விரலை இழந்தவன் என்பதால் அரைக்கை ரோரி. அவனுக்கு நேர் எதிரே அவன் மனைவி மார்சலி, கல்யாணமாகி நான்கு வருஷம். ரோரியின் அக்கா கேட்டி ஆனும் அவள் கணவனும், விளக்கறைப் பொறுப்பாளரான விளக்கு ஹெக்டரும், பக்கத்து வீட்டு இருவரும். கிண்ணம் பாதியாகும்போது ரோரியின் பக்கத்தில், வெள்ளை ஏட்டுக்குள், மஞ்சளாக ஒரு விளிம்பு தெரிந்தது. ரோரி பார்க்கவில்லை; அவன் ஹெக்டரிடம் ஏதோ குதிரையைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். மார்சலி பார்த்தாள். எழுந்து, கையை நீட்டி, கணவன் பக்கத்தில் கரண்டியை ஆழமாக விட்டு அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏம்மா, உன் பக்கத்துல தீந்துபோச்சா?" என்றாள் கேட்டி ஆன். "அடுத்தவன் பக்கம் அள்ளுற பழக்கத்தை உங்க வீட்டுல சொல்லிக் குடுத்து அனுப்பினாங்களா?"

"புருஷன் பக்கம் என் பக்கம் இல்லியா அக்கா?"

"வாயில என்னடி கடிபடுது?"

"உமி," என்றாள் மார்சலி. "குருணையைச் சரியா புடைக்கல." பிறகு கண்ணில் நீர் வரும்படி ஒரு விழுங்கு விழுங்கினாள். ரோரியின் முகம் சுண்ணாம்பாகிப்போனதை ஹெக்டர் பார்த்தார். அவன் ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் பார்த்தார்.

மறுநாள் புனிதர்களின் திருநாள். கம்பெனிக்குப் புனிதர்கள் பொருட்டில்லை. காலை ஆறு மணிக்கு ரோரி விளக்கறைக்குப் போனான். அவனுடைய நானூற்றுப் பதினேழாம் ஆணியில் பில்லை இல்லை.

"உன் பில்லை எங்க?" என்றார் ஹெக்டர்.

"அங்க இல்லியா?"

"இருந்தா உன்னை ஏன் கேக்கறேன்? பில்லை இல்லாதவனுக்கு விளக்கு கிடையாது, விளக்கு இல்லாதவனுக்கு இறங்கற கூண்டு கிடையாது. வீட்டுக்குப் போய்டு ரோரி. எங்கிட்ட பேச்சு வேணாம்."

ஒன்பது மணிக்கு மூன்றாம் தளத்தில் வாயு வெடித்தது. ரோரியோடு வேலை செய்கிற ஆறு பேரும் செத்தார்கள், உடல்கூடக் கிடைக்கவில்லை. ரோரி வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டான். உள்ளே ஓடிப்போய், "மார்சலி, கேட்டுச்சா?" என்றான். அவள் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பினாள், முகமெல்லாம் கரி. வாயைத் திறந்தாள். "பக்கத்துலதான்யா வெடிச்சுது," என்று பதில் வந்தது, ஆனால் அவள் வாயிலிருந்து வரவில்லை. தரைப்பலகைக்குக் கீழே, ரொம்பக் கீழேயிருந்து, தண்ணீர் சொட்டும் சத்தத்தோடு வந்தது.

அதன்பின் அவள் அப்படித்தான் இருந்தாள். நடப்பாள், சமைப்பாள், துவைப்பாள். பேசினால் குரல் பாதாளத்திலிருந்து வரும். உதடு அசைந்து, நாம் மூன்று எண்ணிய பிறகுதான் வார்த்தை வந்து சேரும். உச்சி வெயிலிலும் அவளுக்கு விளக்கு ஏற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் தெரியாது. பனிக்காலத்தில் கொல்லையில் அவள் நின்ற இடத்தில் பனி உருகும்; சுரங்கத்துக்குள் எப்போதும் ஒரே சூடு அல்லவா. எவ்வளவு தேய்த்தும் கை கறுப்பு போகவில்லை. ஒரு தடவை ஃபூராக் செய்யப் பார்த்தாள். ஏடு திரளாமல் சாம்பல் தண்ணீராக நின்றது. மத்தைக் கழுவி மேலே சொருகிவிட்டாள். செத்துப்போன ஆறு பேரின் மனைவிமாரும் தனித்தனியாக வந்து, என் ஆள் எப்படி இருக்கிறான் என்று கேட்டார்கள். ஆறு பேருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க." அவர்கள் அழுதுவிட்டு நிம்மதியாகப் போனார்கள்.

கம்பெனி ரோரிக்கு வேறு பில்லை கொடுத்தது, அறுநூற்று இரண்டு. அவன் இறங்கி வேலை செய்தான். கீழே மார்சலியின் குரல் எப்போதும் அடுத்த சந்தில் கேட்கும். ஓடிப்போய்த் திரும்பினால் ஆள் இருக்காது. மேலே வீட்டுக்கு வந்தால் ஆள் இருக்கும், குரல் தரைக்கடியில் இருக்கும். முழுசாக அவள் அவனுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. படுக்கையில் அவள் தலைமாட்டில் காலையில் கரித்தூள் படிந்திருக்கும். அதை அவன் விடியுமுன்னே எழுந்து துடைப்பான். அவள் எதை விழுங்கினாள், யாருக்காக விழுங்கினாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் கரண்டி போன வழியில் அவன் கரண்டியும் எதிர்ப்பக்கம் போனால் பில்லை திரும்பிவிடக்கூடும் என்று ஹெக்டர் ஒரு தடவை சாடையாகச் சொல்லியும் விட்டார். ரோரி பயந்தான். மத்தைத் தொட்டால் பில்லை தன் பக்கம் வரும், தன் சாவு தன்னிடம் வரும் என்று பயந்தான். நல்லவன்தான், உழைப்பாளிதான், பதினோரு வருஷம் பயந்தான். இதைப் பூசி மெழுகி எழுத எனக்கு இஷ்டமில்லை.

பூசி மெழுகக் கூடாத இன்னொன்றும் இருக்கிறது. ஊரும் அவனைத் தூண்டவில்லை. முதல் குளிர்காலம் முடிவதற்குள் அவள் எங்களுக்கு எதற்குப் பயன்படுவாள் என்று கண்டுபிடித்துவிட்டோம். ஷிப்டுக்குப் போகிறவர்கள் அவள் ஜன்னலில் நின்று, "மூணாம் தளம் இன்னைக்கு எப்படிம்மா?" என்று கேட்பார்கள். அவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இடது பக்கம் முட்டு மரம் முனகுது, ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் போகாதீங்க," என்பாள். போகமாட்டார்கள், அது இடியும். அந்த ஆறு பேருக்குப் பிறகு பதினோரு வருஷத்தில் எங்கள் சுரங்கத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. வேறெந்த ஊரிலும் அப்படி இல்லை. பதிலுக்கு அவள் வாசலில் முட்டையும் மீனும் வைத்துவிட்டு வந்தோம். கேட்டி ஆன் மட்டும் தம்பியைப் பார்க்கும்போதெல்லாம், "பொண்டாட்டி கீழ, புருஷன் மேல. நல்லாத்தாண்டா குடும்பம் நடத்தறே," என்பாள். ஆனால் அவள் கணவனும் மகனும் அதே மூன்றாம் தளத்தில்தான் வேலை செய்தார்கள் என்பதால், அதற்கு மேல் அவளும் பேசவில்லை.

1937-ல் கரி தீர்ந்துபோனது. நவம்பர் இரண்டாம் தேதி பம்பை நிறுத்தி, தண்ணீரை ஏறவிட்டு, வாயைக் காரை போட்டு மூடப்போவதாகக் கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது. உள்ளே ஆள் இருக்கும்போது சுரங்கத்தை மூடச் சட்டம் அனுமதிக்காது. ஹெக்டர் நானூற்றுப் பதினேழாம் ஆணியைக் காட்டினார். அந்த நம்பர்காரன் உயிரோடு உங்கள் முன்னால் நிற்கிறான் என்று கம்பெனி இன்ஜினியர் ரோரியைக் காட்டினார். அப்படியானால் உள்ளே இருப்பது அவன் மனைவி என்றார் ஹெக்டர். பெண்கள் சுரங்கத்தில் இறங்கச் சட்டப்படி தடை இருக்கிறது, ஆகவே எந்தப் பெண்ணும் உள்ளே இருக்க முடியாது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான்.

அன்று வீட்டுக்கு வந்து ரோரி விஷயத்தைச் சொன்னான். மார்சலி சட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். மூன்று எண்ணிய பிறகு கீழேயிருந்து குரல் வந்தது.

"மூடினா காத்து நின்னுடும்ல?"

"ஆமா."

"தண்ணி முதல்ல வருமா, காத்து முதல்ல நிக்குமா?"

"தெரியல மார்சலி."

"கேட்டு வைய்யி. எதுக்கும் தெரிஞ்சிருந்தா நல்லது," என்றது குரல். பதினோரு வருஷத்தில் அவள் கேட்ட ஒரே உதவி அதுதான். ரோரி வெளியே போய் விறகுக் கொட்டகையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள்.

அக்டோபர் கடைசி நாள் மத்தியானம் அரைக்கை ரோரி மத்தைக் கீழே இறக்கினான். எங்கள் ஊரில் ஆண் பிள்ளை ஃபூராக் கடைந்ததில்லை. ஏடு வாங்கக் கேட்டி ஆன் வீட்டுக்குப் போனான். அவள் வழக்கமான கேலியை எடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பானையோடு தூக்கிக் கொடுத்தாள். "வெண்ணெய் ஆகறதுக்கு முன்ன சத்தம் மாறும்டா, காதை வச்சுக் கேளு," என்றாள். குருணையை வறுத்தான், ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு பக்கம் கருகிப்போனது. மத்துக் கோலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். எட்டு விரல்காரனுக்கு அது நழுவியபடி இருந்தது. ஒன்றரை மணி நேரம் உருட்டினான், உள்ளங்கை தோல் உரிந்தது. சத்தம் மாறியதும் நிறுத்தினான். நான்கு சாமானையும் போட்டான். ஊரில் யாரையும் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் யாரும் வந்திருக்க மாட்டோம். விளக்கை ஏற்றி, அவளை எதிரே உட்காரவைத்து, இரண்டு பேரும் தின்ன ஆரம்பித்தார்கள்.

மோதிரம் அவளுக்கு வந்தது, பொத்தான் அவனுக்கு. விரல்தொப்பியும் காசும் வந்தன. கிண்ணத்தின் அடி தெரிய ஆரம்பித்தது. ரோரி தன் பக்கத்தைச் சுரண்டிச் சுரண்டித் தின்றான்; அதில் ஒன்றுமில்லை. அவள் பக்கத்தில், கடைசி இரண்டு கவளத்துக்கு நடுவே, மஞ்சள் விளிம்பு தெரிந்தது. அவளும் அதைப் பார்த்தாள். கிண்ணத்தைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தாள், அவன் இடது கையால் பிடித்துக்கொண்டான்.

"உன் பக்கம் தின்னுய்யா," என்றது தரைக்கடியிலிருந்து குரல்.

"அன்னைக்கு நீ தின்னியா?" என்றான் ரோரி. எழுந்து கரண்டியை எதிர்ப்பக்கம் விட்டு அள்ளி, பில்லையை மென்றுகூடப் பார்க்காமல் விழுங்கினான்.

மார்சலிக்கு இருமல் வந்தது. மேசை முழுக்கக் கரித்தூள் விழும்வரை இருமினாள். பிறகு நிமிர்ந்து, மேல்மூச்சு வாங்கி, தன் சொந்த வாயால், மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து, பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினாள்.

"குருணையைக் கருக்கிட்டே."

"ஆமா," என்றான் ரோரி.

காலை ஆறு மணிவரை அவர்களுக்கு நேரம் இருந்தது. என்ன பேசினார்கள் என்பது ஊருக்குத் தெரியாது. திட்டினாள் என்பது மட்டும் தெரியும், தெருக்கோடிவரை கேட்டது. அந்தக் குரலைத் தரைக்கு மேலே கேட்டு நாங்கள் கதவுகளில் வந்து நின்றோம், யாருக்கும் உள்ளே போகத் தைரியமில்லை. விடிந்ததும் ரோரி பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு மேசையருகே உட்கார்ந்தான். ஆறு மணிச் சங்கு ஊதியபோது அவளைப் பார்த்து, "போய்ட்டு வரேன்," என்றான். 'போய்ட்டு' என்பது மேசையில் கேட்டது. 'வரேன்' என்பது தொள்ளாயிரம் அடிக்குக் கீழே கேட்டது.

நவம்பர் இரண்டாம் தேதி மூடும் வேலைக்காக வந்த அரசாங்க இன்ஸ்பெக்டர் சுரங்க வாயில் குனிந்து, வழக்கப்படி, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். நானூற்றுப் பதினேழு, ரோரி மக்கினிஸ், மூன்றாம் தளம் என்று கீழேயிருந்து பதில் வந்தது. இன்ஸ்பெக்டர் பலகையைப் பார்த்தார், ஆணி காலி. ஆண், சொந்த நம்பர், சட்டத்தில் ஒரு குறையும் இல்லை. உள்ளே ஓர் ஆள் இருப்பதால் நானூற்றுப் பதினேழாம் ஆணி நிறையும்வரை மூடக் கூடாது, பம்பு ஓட வேண்டும், காற்று போக வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கம்பெனி எவ்வளவோ கத்தியது. அந்தக் காகிதம் இன்றைக்கும் விளக்கறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதில் நம்பர்தான் இருக்கிறது, பெயர் இல்லை.

அடுத்த வருஷம் மார்சலி ஃபூராக் செய்தாள். ஏடு நன்றாகத் திரண்டது. பில்லை ரோரி பக்கம் வந்தது. அவன் கையால் மூடிக்கொண்டான். அவள் கரண்டிக் காம்பால் அவன் விரல் முட்டியில் ஒன்று போட்டு, அதை எடுத்து விழுங்கினாள். அதற்கடுத்த வருஷம் அவன். 1937-லிருந்து இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. ஒரு வருஷம் அவள் கீழே, ஒரு வருஷம் அவன் கீழே. பம்பை ஓட்ட நான்கு பேருக்கு வேலை இருக்கிறது. இரண்டு பேருக்கும் வயது அறுபதை நெருங்குகிறது. ஒருவர் முந்திக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று ஹெக்டர் சாவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டாராம். கீழே ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அங்கே இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது என்று மார்சலி சொன்னாளாம். அது அவள் கீழே இருந்த வருஷம், ஆகவே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

வருஷத்தில் ஒரு சாயங்காலம், பில்லை அகப்பட்ட நேரத்திலிருந்து சங்கு ஊதும்வரை, அவர்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் முழுசாக இருக்கிறார்கள். அன்று அந்தத் தெருப்பக்கம் யாரும் போவதில்லை. பிள்ளைகள் முகமூடி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகும்போதும் அந்த ஒரு வாசலை விட்டுவிடுவார்கள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த வருஷம் கடைந்தது ரோரி. நாலு மணிக்கே வறுக்கிற வாசனை வந்தது. ஆறரைக்கெல்லாம் அவள் சத்தம் தரைக்கு மேலேயே கேட்டது, குருணையை மறுபடியும் கருக்கிவிட்டானாம்.